தக்காளியை முதலில் போட்ட சூப்

அக்டோபர் 11

குச்சித் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, இடது கையில் ஒரு சூட்டுக் கொப்புளத்தைத் தவிர. நீ எப்படி இருக்கிறாய்? இன்னும் அந்தக் கிழிந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஓட்டுகிறாயா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

குளிர் தொடங்கியதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் இருநூறு நோயாளிகளுக்குச் சமைத்துப் போடுகிறேன், பெற்றவளுக்கு ஒரு கிண்ணம் சூடாகக் கொடுக்க முடியவில்லை. என்ன செய்வது, நாம் பேசி வைத்துக்கொண்டது அப்படி. நான் வெளியூரில் உழைப்பது, நீ வீட்டோடு இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வது. இரண்டில் உன் பங்குதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் இன்றைக்கு உன்னைத் திட்டாமல் ஒரு வழி மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்குப் பட்டாணி சூப் வைத்துக் கொடு. பல் இல்லாதவர்களும் குடிக்கலாம், வயிற்றில் நின்று உடம்புக்குச் சூடு கொடுக்கும். குக்கர் வேண்டாம், விசில் சத்தம் கேட்டால் அம்மா பதறிப்போவாள். அடி கனமான பாத்திரத்தில் ஒரு கரண்டி வெண்ணெய் போடு. ஒரு பெரிய வெங்காயம், நாலு பல் பூண்டு, இரண்டையும் நிறம் மாறாமல் வதக்கு. நீ அவசரக்காரன், கருக்கிவிடாதே. அதில் மூன்று தக்காளியை நறுக்கிப் போட்டுக் குழைய விடு. அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொள். பிறகு ஒரு டம்ளர் உடைத்த பட்டாணிப் பருப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர், ஒரு கேரட், ஒரு உருளைக்கிழங்கு, ஒரு பிரிஞ்சி இலை. சின்னத் தீயில் ஒரு மணி நேரம் விட்டு, உப்பும் மிளகும் போட்டு மத்தால் கடைந்து இறக்கு. அவ்வளவுதான், பஸ் ஓட்டுவதைவிட இது சுலபம்.

எனக்கு மார்ச் மாதம்தான் லீவு. அதுவரை அவளைத் தேற்றி வை. கண் மங்கிப்போய் வாசிக்க முடியாவிட்டாலும் அவளை ஒரு வரி எழுதச் சொல். ஜூலைக்குப் பிறகு அவள் கையெழுத்தையே நான் பார்க்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


அக்டோபர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கொப்புளம் ஆறிவிட்டதா? நான் சுகம், அம்மாவும் சுகம். ஸ்வெட்டரைப் பற்றிப் பேசுவதற்கில்லை.

சூப் வைத்தேன். உன் கடிதத்தை அடுப்புக்குப் பக்கத்தில் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, நீ எழுதிய வரிசை மாறாமல் செய்தேன். வெங்காயம் நறுக்கும்போது அழுதேன், மற்றபடி அசம்பாவிதம் எதுவும் இல்லை. தக்காளி, எலுமிச்சை, பருப்பு எல்லாம் நீ சொன்னபடிதான். சொல்லி வைத்தாற்போல ஒரு மணி நேரத்தில் பட்டாணி வெண்ணெயாகக் கரைந்துவிட்டது. மத்துக்கு வேலையே இல்லை. அம்மா இரண்டு கிண்ணம் குடித்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டதற்கு, "வயித்துல இடம் இருந்தா வேண்டாம்னா சொல்லுவேன்?" என்றாள். அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள்.

குளிரில் அவளுக்கு விரல் விறைத்துப்போகிறது, பேனா பிடிக்க முடியவில்லை. உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். என் டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் தம்பி


நவம்பர் 10

என் ராஜா தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன், நலமென்ன, தரையில் கால் பாவாமல் நடக்கிறேன். நீங்கள் இருவரும் இப்படியே சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைச் சமையலறையில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். காய் நறுக்கும் அம்மா, பாத்திரம் தேய்க்கிறவள், ரொட்டி அடுக்குகிறவர் என்று யாரையும் விடவில்லை. "கரண்டியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாத பையன், வெண்ணெயா கரைச்சிருக்கான் பாருங்க" என்று பீற்றிக்கொண்டேன். காய் நறுக்கும் அம்மா அந்த இடத்திலேயே என்னிடம் செய்முறையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாள். அவள் மாமனாருக்கும் பல் இல்லையாம்.

தம்பி, ஒன்று சொல்கிறேன். நீ இதைச் செய்ய மாட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். நீ அம்மாவைக் கைவிட்டுவிடுவாயோ என்று இங்கே வந்த நாள் முதல் எனக்குள் ஒரு பயம் இருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது. அக்காவை மன்னித்துவிடு.

அம்மாவுக்கு இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். நீலம் வீட்டில் போட, பழுப்பு படுக்கும்போது போட. அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது. எழுத முடியாவிட்டால் ஒரு தாளில் அவளைக் கிறுக்கியாவது தரச் சொல். பதிலாக நான் பெரிய முத்தம் தருவதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மன்னிப்பெல்லாம் எதற்கு, பெரிய வார்த்தை.

காலுறை வந்து சேர்ந்தது. அளவு எடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. நீலத்தைப் போட்டுக்கொண்டுதான் இப்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். சூப் இப்போது சனிக்கிழமை தவறாமல் நடக்கிறது. எனக்குக் கை பழகிவிட்டது, கடிதம் பார்க்காமலே வைக்கிறேன். போன வாரம் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "உங்க அக்கா கைப்பக்குவத்தைவிட இது ஒரு படி மேலடா." கோபித்துக்கொள்ளாதே, அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

இந்த மாதம் எனக்கு ஓவர்டைம் அதிகம். கடிதம் தாமதமானால் கவலைப்படாதே.

உன் தம்பி


டிசம்பர் 9

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். உன் நலத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன்.

காய் நறுக்கும் அம்மா என்னுடன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்து வைத்தாள். அவள் வைத்த பட்டாணி சூப் அது. ஒரு ஸ்பூன் வாயில் போட்டேன், சரளைக் கல். "நீங்க சொன்னபடிதான் செஞ்சேன், ரெண்டரை மணி நேரம் கொதிச்சும் வேகலை. மாமனார் என்னைப் பார்த்த பார்வை இருக்கே" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தக்காளியும் எலுமிச்சையும் முதலிலேயே போட்டால் பருப்பு எப்படி வேகும்? புளிப்பு சேர்ந்த பருப்பு வேகாது என்பது அடுப்பைப் பார்த்த எவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இந்தச் சமையலறையில் என் கைக்கு வரும்போதே பட்டாணி வெந்துதான் வரும். காலை ஷிஃப்டில் வருகிறவள் பெரிய கொப்பரையில் வேகவைத்து மூடிவிட்டுப் போவாள். நான் வதக்கி, தக்காளி போட்டு, வெந்த பருப்பை அதில் கொட்டுவேன். மூன்று வருஷமாக இதே வேலை. பச்சைப் பருப்பை நான் கண்ணால் பார்த்தே நாளாகிறது. கை பழகிய வரிசையை அப்படியே உனக்கு எழுதிவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

நேற்று என் அறை ஸ்டவ்விலும் வைத்துப் பார்த்தேன். நான் அனுப்பிய கடிதத்தில் இருந்த அதே வரிசை. வேகவில்லை.

நீ ஒரு முறை வைத்து, "அக்கா, கல்லு மாதிரி இருக்கு, என்னத்தை எழுதித் தொலைச்சே" என்று திட்டி எழுதியிருந்தால் நான் சிரித்திருப்பேன். உனக்கு வெண்ணெயாகக் கரைந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கரைந்தது. அம்மா இரண்டு கிண்ணம் குடித்தாள்.

என் காதில் பூ சுற்றாதே. நீ அந்தச் சூப்பை வைக்கவே இல்லை. சோம்பலில் வைக்காமல் விட்டிருந்தால் அதைச் சொல்லிவிடு, நான் கோபித்துக்கொண்டு மறந்துவிடுவேன். ஆனால் நீ சோம்பலுக்காக இவ்வளவு நீட்டி முழக்கிப் பொய் சொல்கிறவன் இல்லை. அம்மா எங்கே? எப்படி இருக்கிறாள்? உடனே எழுது.

நீயும் நலமாக இரு.
அக்கா


ஜனவரி 2

அன்புள்ள பெண்ணுக்கு, பக்கத்து வீட்டு டெய்லர் அத்தையின் ஆசிகள்.

நான் நலம். முதுகு வலி மட்டும் தையல் மெஷினை விட்டு எழுந்தால் என்னோடு எழுந்து வருகிறது. புது வருஷத்தில் நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

தம்பியிடமிருந்து பதிலே வரவில்லை, அம்மாவை நேரில் பார்த்து எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். படித்துவிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. உங்கள் அம்மா வீட்டில் இல்லையே அம்மா. செப்டம்பர் மாதமே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்தாயிற்று. உனக்குத் தெரியாமல் எப்படி? "அக்காதான் விசாரிச்சு ஏற்பாடு பண்ணச் சொல்லிச்சு, எனக்கு இதுல இஷ்டமே இல்லை அத்தை" என்று உன் தம்பி என்னிடம் சொன்னான். உன் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். வண்டியில் ஏறும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு சொல்லிட்டா, போகணும்" என்றாள். அழவில்லை. வாசலில் கிடந்த துடைப்பத்தை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

உன்மேல் எனக்கு அன்றிலிருந்து வருத்தம் இருந்தது. அதனால்தான் நானும் உனக்கு எழுதவில்லை. தப்பாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

நவம்பரில் உன் பார்சல் ஒன்று வந்தது. தம்பி டூட்டியில் இருந்ததால் நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன். இரண்டு முறை சொல்லியும் எடுத்துப்போகவில்லை. மெத்தென்று இருக்கிறது, துணிதான் என்று நினைக்கிறேன். பத்திரமாக இருக்கிறது.

மற்றபடி அவன் கெட்டவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவைப் பார்க்கப் போகிறான்.

இல்லத்தின் முகவரியை இத்துடன் எழுதியிருக்கிறேன். தைரியமாக இரு.

அத்தை


ஜனவரி 11

தம்பிக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

அத்தை எழுதிவிட்டாள். இனி நீ பூசி மெழுக வேண்டாம்.

நான் கிளம்பிய அன்று நடந்ததை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். அம்மா நம் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, "என்னை எங்கேயும் கொண்டுபோய் விட்டுறாதீங்க, மூலையில கிடந்தாலும் நம்ம வீட்டு மூலையிலயே கிடக்கிறேன்" என்றாள். நான் தலையாட்டினேன். நீ அவள் மடியில் தலை வைத்துக்கொண்டு, "நான் இருக்கும்போது யாரு உன்னை விடுவா?" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் வண்டி ஏறினேன். இங்கே இரண்டு பேர் படுக்கிற அறையில் மூன்றாவது ஆளாகக் கிடக்கிறேனே, எதற்காக என்று நினைத்தாய்?

அவளை இல்லத்தில் சேர்த்ததைக்கூட நான் ஒருநாள் பொறுத்துக்கொண்டிருப்பேன். முடியவில்லை அக்கா என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் சொன்னதாகச் சொன்னாயே, அதை எப்படிப் பொறுப்பது? அவள் எனக்கு ஏன் எழுதவில்லை என்பது இப்போது புரிகிறது. விரல் விறைக்கவில்லை. நாலு மாசமாக என் அம்மா, தன்னைத் துரத்திவிட்ட மகளாக என்னை நினைத்துக்கொண்டு ஒரு கட்டிலில் படுத்திருக்கிறாள். நான் இங்கே மடச்சி மாதிரி, அவள் இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள் என்று ஊரைக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். இனி அந்தச் சமையலறையில் நான் யார் முகத்தில் விழிப்பேன்?

நீ எனக்குத் தம்பி இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். பாழாய்ப்போன கை வரவில்லை. அதற்காக நீ சந்தோஷப்பட வேண்டாம்.

ஏன் செய்தாய் என்று மட்டும் எழுது. சப்பைக்கட்டு கட்டாமல் எழுது.

அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஆகஸ்டில் ஒருநாள் அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனாள். திரைச்சீலையில் தீப்பிடித்து, அத்தைதான் ஓடிவந்து அணைத்தாள். அதற்குப் பிறகு நான் டூட்டிக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்தேன். ஒருநாள் திரும்பி வந்து திறந்தால் அம்மா கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டித் தட்டி இரண்டு உள்ளங்கையும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்து, "மத்தியான பஸ்ஸா, லேட்டாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். அதை உனக்கு எப்படி எழுதுவேன்?

அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். எனக்கு அலுத்துப்போய்விட்டது அக்கா. நாள் முழுக்க நூறு பேர் கேள்வி கேட்கிறார்கள், இந்த பஸ் அங்கே போகுமா, அங்கே நிற்குமா என்று. வீட்டுக்கு வந்தால் அம்மா ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்பாள். யாரும் எதுவும் கேட்காத ஒரு வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

உன் பேரைச் சொல்ல வேண்டும் என்று திட்டம் போடவில்லை. இல்லத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று சொன்னதும் அம்மா, "யாரு முடிவு பண்ணினா?" என்று கேட்டாள். என் வாயில் நீ வந்துவிட்டாய். நீ சொன்னால் அம்மா எதிர்த்துப் பேச மாட்டாள் இல்லையா? சின்ன வயதிலிருந்தே அப்படித்தானே? அதற்குப் பிறகு அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்ததைச் சொன்னேன். சூப்பைப் பற்றி எழுதும்போது எனக்கே பசித்தது. எல்லாம் உண்மையாகவே நடப்பது மாதிரி இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே வைத்தேன். பருப்பை முதலில் தனியாக வேகவைத்து, தக்காளியைக் கடைசியில் போட்டேன். ஃபிளாஸ்க்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தாள். பார்சலையும் கொடுத்துவிட்டேன்.

உன் காலில் விழுகிறேன், ஒன்று மட்டும் செய். அம்மாவிடம் சொல்லாதே. தெரிந்தால் அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். எனக்கு அங்கே போக அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது.

தம்பி


பிப்ரவரி 5

அம்மாவுக்கு உன் மகள் எழுதுவது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது அம்மா? முழங்கால் வலிக்கிறதா? நீலக் காலுறை போட்டிருக்கிறாயா? கட்டில் ஜன்னல் ஓரமாக இருக்கிறதா, குளிர்காற்று நேராக மேலே அடிக்கிறதா? அங்கே என்ன சாப்பிடக் கொடுக்கிறார்கள்?

இந்தக் கடிதத்தைத் தம்பியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. அங்கே கண் தெரிகிறவர்கள் யாராவது இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்.

அம்மா, உன்னை அங்கே அனுப்பச் சொன்னது நான் இல்லை. எனக்குத் தெரியவே தெரியாது. நீ நம் வீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பதாகவே டிசம்பர் வரை நினைத்திருந்தேன். தம்பி பழியை என் தலையில் போட்டுவிட்டான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று இப்போது கெஞ்சுகிறான். நான் கேட்கப்போவதில்லை. பெரிய மனதோடு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வாயை மூடிக்கொள்ளும் நல்லவளாக இருக்க என்னால் முடியாது. நீ என்னை வெறுத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் எனக்குத் திரும்ப வேண்டும் அம்மா. ஜூலைக்குப் பிறகு நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. விரல் விறைக்கிறது என்று நம்பி, நான் காலுறையோடு கையுறையும் அனுப்பாமல் விட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் முதல் வாரம் வருகிறேன். உன்னை அழைத்துவந்துவிடுகிறேன். இங்கே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறை பார்த்திருக்கிறேன். சின்னதுதான், ஆனால் அடுப்பு உண்டு, கதவு உள்பக்கமாகத்தான் பூட்டும். யாரை வைத்தாவது பதில் எழுது. "நீ சொல்லவில்லை என்று நம்புகிறேன்" என்று ஒரே ஒரு வரி எழுது, போதும்.

உன் மகள்


பிப்ரவரி 22

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நான் உங்கள் தாயாரின் பக்கத்துக் கட்டில். தபால் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ஒன்றரை வாரம் யோசித்துவிட்டு இன்றைக்குச் சொல்கிறார். சொல்வதைச் சொல்கிறபடியே எழுது, திருத்தாதே என்று உத்தரவு.

கண்ணு, நல்லா இருக்கியா? எனக்கு முழங்கால் பரவாயில்லை. ஜன்னல் பக்கம் கட்டில் வேணாம்னு நானே மாத்திக்கிட்டேன். சாப்பாடு சூடா தர்றாங்க, உப்புதான் போட மாட்டேங்கறாங்க. காலுறை ரெண்டையும் சேர்த்துப் போட்டிருக்கேன்.

நீ சொல்லலைன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். உன் கடுதாசி வந்தா அவன் முதல் வரியிலேர்ந்து படிச்சுக் காட்டிட்டு, தாளை என் கையில குடுப்பான். நான் மடிச்சு தலையணைக்கு அடியில வச்சுக்குவேன். அன்னைக்கு "அக்கா எழுதியிருக்கு"ன்னு சொன்னான், தாளைக் காட்டலை. கண்ணு தெரியலைன்னாலும் எனக்குக் கையும் இல்லையா? கேட்டிருக்கலாம். கேக்கலை.

ஞாயித்துக்கிழமை இங்க வந்தும் உன் கடுதாசியெல்லாம் படிச்சான். "அம்மாவுக்குச் சூப் வச்சு"ன்னு பாதி படிச்சுட்டு இருமுவான். அப்புறம் ரெண்டு வரி தள்ளிப் படிப்பான். நான் வீட்ல இருக்கேன்னு உனக்குப் பொய் எழுதுறான்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. போன மாசம் ஏதோ சூப்புன்னு நிஜமாவே கொண்டுவந்தான். நல்லா இருக்குன்னு சொன்னேன். நல்லா இல்லை, அடி பிடிச்ச வாசனை. குடிச்சேன்.

நீ கேப்பே, தெரிஞ்சும் ஏன் எனக்கு ஒரு வரி எழுதலைன்னு. சொல்றேன், கோவிச்சுக்கோ. அந்த வண்டியில ஏறும்போது எனக்கு வயிறு எரிஞ்சுது. யார் மேலயாவது கோவப்பட்டாத்தான் அன்னைக்கு நான் மூச்சு விட முடியும். அவன் மேல கோவப்பட்டா, அவனுக்கு மூஞ்சி செத்துப்போகும், மறு வாரம் வர மாட்டான். அவன் அப்பா மாதிரி, வெக்கப்பட்டா ஓடிருவான். அப்புறம் எனக்கு இந்த ஊர்ல யாரு? அதனால உன் மேல கோவப்பட்டேன். நீ தூரத்துல இருந்தே. உன்மேல கோவப்பட்டா எனக்கு எதுவும் குறையாது. முதல்ல நடிச்சேன், போகப்போக நெஜமாவே வந்துருச்சு. உன் பேரைச் சொன்னாலே மூஞ்சியைத் திருப்பிக்குவேன். அவனுக்கு அதைப் பாத்தா ஒரு நிம்மதி. இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவான்.

உனக்குச் செஞ்சது அநியாயம்தான். அதுக்கு நான் என்ன சொன்னாலும் பத்தாது. சொல்லலை.

மார்ச்ல வா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போ. என்னைக் கூட்டிட்டுப் போக வராதே. நான் உன்கூட வந்துட்டா அவன் என்னைச் சுத்தமா கை கழுவிருவான். இங்க இருந்தா வாரத்துக்கு ஒரு தடவையாவது வருவான். நீ வரும்போது அவன் முன்னால நான் உன்கிட்டச் சரியாப் பேச மாட்டேன். பொறுத்துக்கோ. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம். அவன்கிட்ட உண்மையைச் சொல்லிட்டா அவன் வர மாட்டான் கண்ணு. நீ எப்படியும் வருவே.

உடம்பைப் பார்த்துக்கோ. வேளா வேளைக்குச் சாப்பிடு.

அம்மா